மாப்பிள்ளை பொம்மையும் காசிம் பாயும்

கப்பல் அதிகாரிகளுக்கு மருத்துவம் சொல்லித்தரும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நல்ல வேலைதான். அவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள், கேள்வி கேட்டு உங்களைத் திணறடிப்பார்கள், பயிற்சி முடிந்து போனபின் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து வாசனை சோப்பு வாங்கி அனுப்புவார்கள். எனக்கு வந்த சோப்பை வைத்து எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டை நிரப்பியிருக்கிறோம். நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. உங்களிடம் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பாடமெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அதற்குள் நான் போகப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது நெல்லித்தோப்பு. அப்பா மில் தொழிலாளி. வெள்ளை உடுப்பு போட்டு நான் தெருவில் நடந்தால் அண்டை வீட்டார் எழுந்து நிற்பார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற தப்புக்கு அந்தக் கர்வமும் ஒரு காரணம்.

எங்கள் டாக்டர் வயதானவர், பிரெஞ்சில் படித்தவர். ஊரே அவரை ‘முசே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்றுதான் கூப்பிடும். ஒருநாள் கப்பல் ஏஜெண்ட் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். கப்பலில் டாக்டர் கிடையாது, மருந்துப் பெட்டி ஒரு அதிகாரியின் பொறுப்பில் இருக்கிறது, அவருக்குக் கட்டுப் போட மட்டும் தெரிந்தால் போதாது, கரை சேரும்வரை நாள்கணக்கில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும் என்றார். ஆறு ஆறு பேராக அனுப்புகிறோம், ஒரு மாதம் பழக்கிக் கொடுங்கள் என்றார். முசே உடனே தலையாட்டிவிட்டார். இரண்டு வகுப்பு எடுத்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “சிஸ்டர், நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நர்ஸ் படிக்கும் பெண்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவள் நான். அதே நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன். காய்ச்சல் பாடம் எடுத்தேன், நெஞ்சுவலிப் பாடம் எடுத்தேன், தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று எடுத்தேன். ஒவ்வொரு பாடமும் ஒரே வரியில் முடியும்: ‘உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.’

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கதிரேசன் என்று ஒருவர் கையைத் தூக்கினார். கடலூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியாக இருப்பார், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும்.

“கூப்புடறோம் சிஸ்டர். நடுக்கடல்ல நிக்கறோம். டாக்டரு நீந்திக்கினு வருவாரா?”

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “வெளிய போய்ச் சிரிச்சிட்டு வாங்க” என்று ஆறு பேரையும் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். அவர் கேட்டது சரிதான். நான் நடத்தியதெல்லாம் டாக்டர் பக்கத்து அறையில் இருக்கிறவர்களுக்கான பாடம். சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பாடத்திலும் அந்தக் கடைசி வரியை அடித்தேன். அந்த இடத்தில், அவர்கள் கையால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன். ஊசி, தையல், குளுக்கோஸ் ஏற்றுவது, ட்யூப் போடுவது. வராந்தாவில் நின்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, “ஒங்க டாக்டரு இனிமே நீந்த வேணாம்” என்றேன். அன்று முதல் எனக்கும் அவர்களுக்கும் நல்ல சிநேகம். ஆனால் அந்த வரியை அடித்தபோது அதோடு சேர்த்து இன்னொன்றையும் அடித்துவிட்டேன் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ட்யூப் விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்களுக்கு, குறிப்பாகக் கொஞ்சம் வயதானவர்களுக்கு, திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்ளும். வயிறு வீங்கிவிடும், வேதனை தாங்க முடியாது. ஒரு நாளைக்கு மேல் விட்டால் ஆபத்து. சிறுநீர் வரும் வழியாகவே ஒரு மெல்லிய ரப்பர் ட்யூபை உள்ளே செலுத்தினால் சரியாகிவிடும். கடலில் இது நடப்பதுண்டு, ஆகவே அதிகாரிகள் கற்க வேண்டும். ஆனால் இந்தப் பாடத்தை எடுத்தாலே ஆறு பேரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஒரு பெண்பிள்ளை நின்று இதையெல்லாம் பேசுகிறாளே என்று அவர்களுக்கு வெட்கம். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, வார்டில் அது தினப்படி வேலை.

வெட்கத்தைப் போக்க ஒரு பொம்மை செய்தேன். ஒரு நீளத் திண்டு, அதற்குள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை, நெல்லித்தோப்பு சைக்கிள் கடையில் வாங்கிய ட்யூப் துண்டு. பைக்குள் தண்ணீர் நிரப்பிவிட்டால், சரியாகச் செய்தவருக்குத் தண்ணீர் வரும், தப்பாகச் செய்தவருக்கு வராது. பையன்கள் அந்தத் திண்டுக்கு ஜரிகை வேட்டி கட்டி, ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. “மாப்ளைக்கு ஆச்சா?” “மாப்ளை இன்னும் மொரண்டு புடிக்கறாரு” என்று ஒரே கூத்து. யார் சீக்கிரம் போடுகிறார் என்று போட்டி வைத்தேன். கதிரேசன்தான் முதலில் வந்தார். கண்ணைக் கட்டிவிட்டோம், அப்போதும் அவரே. ஒரு பாக்கெட் பிஸ்கட் பரிசு கொடுத்தேன். முசே எட்டிப் பார்த்து, “என்னைவிட வேகமாப் போடறான்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. புரட்டாசிக் கடைசி. சரக்குக் கப்பல் வருகிற பருவம் முடியப்போகிற நேரம். அந்த மாதம் வந்திருந்த ஆறு பேரில் சவரிராஜ் என்று ஒரு உள்ளூர்க்காரர், அவரும் நெல்லித்தோப்புதான். வாய்த்துடுக்கு அதிகம், வேலையும் அதற்கேற்ற மாதிரி. காலை ஒன்பது மணிக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஏஜெண்டின் ஆள் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். உரம் இறக்க வந்த கப்பல் ஒன்று கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது. நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில்தான் நிற்கும், படகு போய்ச் சரக்கை எடுத்து வரும். அன்றைக்கு அலை பெரிது என்பதால் படகு எதுவும் போகவில்லை. கப்பலில் ஒருவருக்குச் சிறுநீர் போகவில்லை, டாக்டர் வேண்டும் என்று சிக்னல் விளக்கு அடிக்கிறார்கள் என்றார்.

முசே விடியற்காலையிலேயே கோரிமேட்டுக்குப் போயிருந்தார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் நோயாளி ஒருவருக்கு ஆபரேஷன். போன் போட்டோம். ஆபரேஷன் அறையில் இருக்கிறார், வெளியே வந்ததும் சொல்கிறோம் என்றார்கள்.

“நாம போலாம் சிஸ்டர்” என்றார் சவரிராஜ். “வெளக்குப் பாஷை எனக்குத் தெரியும். வைத்தியம் ஒங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு டாக்டரு.”

ரிக்‌ஷா பிடித்து, படகுச் சரக்கை இறக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்துக்குப் போனேன். பையன்கள் எனக்கு முன்னால் ஓடிப் போய் நின்றார்கள். பாலத்தின் முனையில் காற்று புடவையைப் பிடுங்கியது. கப்பல் ஒரு மைல் தள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. சிக்னல் விளக்கு வைத்திருந்தவர், மருத்துவச் சொற்கள் தனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லி விளக்கைச் சவரிராஜிடம் கொடுத்துவிட்டார். ஒரு கைப்பிடியை அழுத்தினால் வெளிச்சம் வரும், விட்டால் மறையும். அதை விட்டுவிட்டு அழுத்தி ஒவ்வொரு எழுத்தாக அனுப்ப வேண்டும். அவர்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். உங்களுக்குத் தமிழிலேயே சொல்கிறேன்.

கப்பல் விளக்கு மினுக்கிய முதல் சேதியைச் சவரிராஜ் உரக்கப் படித்தார்: “செகண்ட் ஆபீசர் கதிரேசன். சிஸ்டருக்கு வணக்கம்.”

என் கதிரேசன்! எனக்கு வந்த சந்தோஷத்தில், நோயாளியைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டேன். அடுத்த சேதி வந்தது. நோயாளி கப்பலின் சரங்கு, அதாவது மாலுமிகளுக்கெல்லாம் தலைவர். பெயர் காசிம், பரங்கிப்பேட்டைக்காரர், வயது ஐம்பத்தைந்து. நேற்று மாலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. அடிவயிறு வீங்கிவிட்டது, வலி தாங்காமல் கத்துகிறார். ‘ட்யூப் தயார். ஆரம்பிக்கவா?’

பாலத்தில் படகுக்காரர்கள் ஒரு இருபது பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சவரிராஜ் உரக்கப் படித்ததில் பரங்கிப்பேட்டை காசிம் பாய்க்கு ஒன்றுக்குப் போகவில்லை என்பது இருபது பேருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருவர் பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒருவர் நீர்முள்ளிக் கஷாயம் என்றார். படகுகளுக்கெல்லாம் தலைவரான தண்டல், புகையிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து வந்து, “இன்னா சிஸ்டர், பயப்படற மாதிரியா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் பயமில்ல. நாம பழக்குன ஆளுதான் அங்க இருக்காரு” என்றேன். சொன்ன குரலில் எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“அப்பறம் இன்னா, ஆரம்பின்னு சொல்லிடுங்க” என்றார் ஏஜெண்டின் ஆள்.

வாயைத் திறந்தேன். ‘ஆரம்பி’ என்று சொல்லத்தான் திறந்தேன், உங்களிடம் மறைப்பதற்கில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. கதிரேசன் எதற்கும் உத்தரவு கேட்கிற ஆள் இல்லை. வகுப்பில் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் செய்து முடித்திருப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுகிறவர், கண் திறந்திருக்கும்போது என்னைக் கேட்கிறார் என்றால் அவருக்கு ஏதோ சரியாகப் படவில்லை. என்ன என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

“இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளு” என்றேன்.

“அதான் சொல்லிட்டாரே சிஸ்டர், நேத்து சாயங்காலம்னு.”

“எப்பன்னு கேக்கலடா. எப்படின்னு கேக்கறேன்.”

சவரிராஜ் கைப்பிடியை அழுத்தினார். பதில் நீளமாக வந்தது. சரக்கு அறைக்குள் ஏணியில் இறங்கும்போது பாய்க்குக் கால் வழுக்கியிருக்கிறது. ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் கால் இரண்டும் இரண்டு பக்கம் போக, நடுவில் விழுந்திருக்கிறார். உடனே எழுந்து சிரித்திருக்கிறார், மற்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்றும் போகவில்லை.

“ரத்தம் இருக்கான்னு கேளு.”

“சிறுநீர் வரும் இடத்தில் இரண்டு சொட்டு” என்று வந்தது.

சவரிராஜின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன். அப்படி விழுந்தால் சிறுநீர் வரும் குழாய் உள்ளே பாதி கிழிந்திருக்கலாம். அதில் ட்யூபை விட்டால், அது கிழிசலில் புகுந்து மீதியையும் கிழித்துவிடும். அப்புறம் அந்த மனிதருக்கு ஆயுசுக்கும் இயற்கையாகச் சிறுநீர் போகாமலே ஆகிவிடலாம். இது எனக்குத் தெரியுமா? தெரியும். எங்கள் வார்டில் ஒரு தடவை தென்னை மரத்திலிருந்து விழுந்தவர் ஒருவர் வந்தார். நான் ட்யூபைத் தட்டில் எடுத்து வைத்தேன், முசே ‘வேணாம்’ என்று கையைக் காட்டினார், எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஏன் என்று பிற்பாடு ஆபரேஷன் அறையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பாடம் எடுக்கும்போது அது நினைவுக்கே வரவில்லை. எத்தனையோ பேருக்கு என் கையால் ட்யூப் போட்டிருக்கிறேன். அத்தனை தடவையும் ‘போடு’ என்று டாக்டர் எழுதிய பிறகுதான் சீட்டு என்னிடம் வந்தது. போடலாமா கூடாதா என்று முடிவு செய்வது என் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. அந்த வேலை எல்லாம் நான் சிவப்புப் பென்சிலால் அடித்த அந்த ஒரு வரிக்குள் இருந்தது. கை வேலையைச் சொல்லிக் கொடுத்துக் கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். அதுவும் வேகமாகச் செய்தவருக்கு பிஸ்கட் கொடுத்து.

“வேணாம்னு அனுப்பு. ட்யூப் போடக் கூடாது. சீக்கிரம்!”

சவரிராஜ் திரும்பிப் பார்த்தார். “பின்ன இன்னாதான் செய்யச் சொல்றது?”

“அத அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல வேணாம்னு அனுப்புடா!”

அனுப்பினார். கப்பல் விளக்கு பதில் சொல்லவில்லை. மறுபடி அனுப்பினார். அப்போதும் பதில் இல்லை. அங்கே விளக்குப் பக்கத்தில் யாரும் இல்லை போலிருக்கிறது. இரண்டு சொட்டு என்று சொல்லிவிட்டுக் கதிரேசன் கீழே போய்விட்டார். கீழே காசிம் பாய் கத்திக்கொண்டிருக்கிறார், கையில் ட்யூப் இருக்கிறது, அதை அரை நிமிடத்தில் போடக்கூடிய ஆள் அவர்.

எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பத்து நிமிடம் என்றார் சவரிராஜ் பிற்பாடு. நான் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கதிரேசா, வேணாண்டா!” என்று கடலைப் பார்த்துக் கத்தினேன். ஒரு மைல் தூரத்துக்கு! படகுக்காரர்களில் யாரோ ஒருவர் சிரிக்க, தண்டல் அவரை ஒரு அதட்டு அதட்டினார். சவரிராஜ் மட்டும் நிறுத்தாமல் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் சிவந்துபோயிருந்தது.

கப்பலில் வெளிச்சம் மினுக்கியது. சவரிராஜ் எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“புரிந்தது. ட்யூப் போடவில்லை. சரங்கு என்னைத் திட்டுகிறார். திட்டுவதை அனுப்பவா?”

பாலமே கொல்லென்று சிரித்தது. நான் அங்கே கிடந்த கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்று சொல்வது சுலபம் என்று நினைக்காதீர்கள். வலியில் துடிக்கிற ஒருவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். வலிக்கு ஊசி போடச் சொன்னேன். தண்ணீர் கொடுக்காதே, முக்கச் சொல்லாதே, முக்கினால் கிழிசலுக்குள் சிறுநீர் இறங்கும் என்று சொல்லி அனுப்பினேன். அரை மணிக்கு ஒரு தடவை நாடி பார்த்துச் சொல் என்றேன். இனி அவர் கரைக்கு வந்தாக வேண்டும். தண்டலிடம் போனேன்.

“அலை இன்னும் அடங்கல சிஸ்டர். கப்பல் ஓரம் போனா படகு மோதிக்கும். சரக்குன்னா நாளைக்குக்கூட எறக்கிக்கலாம்.”

“இது சரக்கு இல்லண்ணே.”

“தெரியுது. அதனாலதான் சொல்றேன். அவரக் கொண்டாரணும், கவுத்துடக் கூடாது. காத்து கொஞ்சம் திரும்பட்டும், போறேன்.”

வழக்கமாக நான் இப்படிப் பதில் சொல்கிறவர்களோடு சண்டை போடுவேன். அன்றைக்குப் போடவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் நானே ஒருவரைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை நாடிக் கணக்கு வந்தது, கூடவே சரங்கின் புதிய வசவும் வந்தது. மதியம் ஒரு மணிக்கு மேல் தண்டல் புகையிலையைத் துப்பிவிட்டு, “இப்ப போலாம்” என்றார். எட்டுப் பேர் எழுந்து படகில் குதித்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் பாயைக் கயிறு போட்டுக் கட்டி, கப்பலின் சரக்குத் தூக்கியால் மெதுவாகப் படகில் இறக்கினார்கள். கூடவே கதிரேசனும் வந்தார். படகு பாலத்துக்கு வந்தபோது முசேயும் வந்துவிட்டார், கோரிமேட்டிலிருந்து சேதி கேட்டுக் காரில் பறந்து வந்திருந்தார். குனிந்து பாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், துணியில் ரத்தக் கறையைப் பார்த்தார்.

“ட்யூப் போட்டீங்களா?”

“இல்ல முசே” என்றார் கதிரேசன்.

“யாரு வேணாம்னது?”

“நான்தான்” என்றேன். டாக்டர் இல்லாத இடத்தில் நர்ஸ் முடிவெடுத்த குற்றத்துக்கு என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

“பியேன்” என்றார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். இருபது வருடத்தில் அவர் அதை என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான். “வண்டியில ஏத்துங்க. கோரிமேட்டுக்குப் போலாம். வயித்துல தொளை போட்டு நீர எடுத்துடுவாங்க.”

பாயை ஏற்றிக்கொண்டிருந்தபோது கதிரேசனைப் பக்கத்தில் இழுத்தேன். “ஏண்டா என்னக் கேட்ட? ஒனக்குத்தான் கண்ணக் கட்டுனாக்கூட வருமே?”

“எல்லாம் எடுத்து வெச்சுட்டேன் சிஸ்டர். கையக்கூட கழுவிட்டேன். அந்த ரெண்டு சொட்டப் பாத்ததும் கை போகல. மாப்ளைக்கு ரத்தமே வந்ததில்லையே. இது நீங்க சொல்லித் தராத எடம்னு மட்டும் தெரிஞ்சுது.” பாய்க்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “ஆனா பாய் கத்தறதக் கேக்க முடியல சிஸ்டர். ரெண்டாந் தடவ கீழ போனப்ப, போட்டுடலாம்னுதான் போனேன். மேல விளக்கடிக்கறவன் நீங்க ‘வேணாம்’னு அனுப்புனதப் படிச்சிட்டு ஓடியாந்து கையப் புடிச்சான்.”

அந்த இடத்தைச் சொல்லித் தராதது யார்? நான் வெட்கப்பட்டேன். அவரைப் பார்த்துப் பெருமையும் பட்டேன். “தப்பு எம்மேல” என்று சொன்னேன். அவர் அதைக் கேட்காத மாதிரி வண்டியில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு முசே அறைக்குப் போனேன். ஒவ்வொரு பாடமாகத் திறந்து, “இத எப்ப செய்யக் கூடாது?” என்று கேட்டேன். தையல் எப்போது கூடாது, குளுக்கோஸ் எப்போது கூடாது, வலி ஊசி எப்போது கூடாது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “இருபது வருஷமா நீங்க கேட்டதே இல்ல” என்றார். “நீங்க சொன்னதே இல்ல” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நோட்டு முடிய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு, யாரிடமும் சொல்லாமல், சில நாட்கள் இரண்டு சொட்டுச் சிவப்பு மருந்து வைத்துவிடுவேன். அன்றைக்கு ட்யூபைக் கையால் தொட்டவர் தோற்றார். முதல் நாள் சவரிராஜே தோற்றார், “மாப்ளைக்கு அடிபட்டத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சிஸ்டர்?” என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். நீங்களும் உங்கள் பாடத்தில் அப்படி ஒன்று வையுங்கள். எப்படிச் செய்வது என்பதைவிட எப்போது செய்யக்கூடாது என்பதற்கு அதிக நேரம் கொடுங்கள். அவர்கள் வேகமாகச் செய்தால் கை தட்டாதீர்கள்.

காசிம் பாய்க்குக் கோரிமேட்டில் அடிவயிற்றில் சிறு துளை போட்டு ஒரு ட்யூப் வைத்து, சிறுநீர் சேர ஒரு பையைக் கட்டினார்கள். உள்ளே குழாய் பாதிதான் கிழிந்திருக்கிறது, அதன்போக்கில் ஆறவிட்டால் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றார்கள். கொஞ்ச நாளில், உடம்பு தேறுவதற்காக அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். கப்பல் சரக்கை இறக்கிவிட்டுக் கதிரேசனோடு போய்விட்டது. பாய் வார்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, யார் வந்தாலும் அவர்களுக்கு ஒரு கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வயிற்று ட்யூபைப் பற்றி மட்டும் பேச மாட்டார். ஒருநாள் நான் தனியாக இருந்தபோது, “இனிமே ஆயுசுக்கும் இந்தப் பையக் கட்டிக்கிட்டுத்தானா சிஸ்டர்? அப்பறம் என்ன எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

சவரிராஜ் குழுவுக்குப் பயிற்சி முடிகிற வாரம். முசே வந்து வயிற்று ட்யூபைக் கிளிப் போட்டு மூடினார். “இன்னிக்கு அவரா போறாரான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். பாய்க்கு நிறையத் தண்ணீர் கொடுத்தோம். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கட்டிலைச் சுற்றித் திரையைப் போட்டு, பாத்திரத்தைக் கொடுத்து நிற்க வைத்தேன். ஒன்றும் வரவில்லை. திரைக்கு வெளியே வராந்தாவில் ஆறு பேரும் வரிசையாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இத்தன பேரு நின்னா எப்படி வரும் சிஸ்டர்?” என்று உள்ளேயிருந்து பாய் கத்தினார். ஆறு பேரையும் துரத்தினேன், ஆறு பேரும் ஜன்னல் பக்கம் போய் நின்றார்கள்.

இதற்கு நர்ஸ்களிடம் ஒரு பழைய உபாயம் உண்டு. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் தானாக வரும். ஒரு கூஜா நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். கீழே வாளியை வைத்து, மெல்லிய தாரையாக ஊற்ற ஆரம்பித்தேன். கை வலித்தது, நிறுத்தவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பாய் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கும் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மூன்று கூஜா காலியாயிற்று. நான்காவதும் காலியாயிற்று. கூஜாவைக் கவிழ்த்துப் பிடித்தபடி, இனி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

“சிஸ்டர்!” என்றார் பாய். “கேக்குதா?”

நான் ஊற்றுவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.